கால் முளைத்த கேரட்

படப்பை
மாசி 6

அன்புள்ள சுவாதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். சுகம் என்று இப்போது எழுதுவது முழு உண்மை, போன வாரம் போனில் சொன்னது பாதிதான். அம்மா குரல் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாய், நான் சளி என்று சொல்லிவிட்டேன். நடந்ததைப் போனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர் வீட்டு ஸ்ரீதர் சனிக்கிழமை டப்ளின் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் ரிட்டயர் ஆனதும் பின்பக்கம் தோட்டம் போட்டது உனக்குத் தெரியும். கார்த்திகை மழை விட்டதும் இந்தத் தடவை கேரட்டும் விதைத்தேன். மாடியில் குடியிருக்கும் மாரிசெல்வியையும் அவள் புருஷன் வேல்ராஜையும் வீடியோவில் பார்த்திருக்கிறாய், கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம், வேலையை விட்டுவிட்டாள், ஊரிலிருந்து வந்து பார்க்க ஆள் இல்லை. அம்மாதான் தினம் தோட்டத்துக் கீரையைக் கடைந்து மேலே கொடுத்தனுப்புவாள், குடிப்பதும் நம் போர் தண்ணீர்தான். தை மாத நடுவில் முதல் கேரட்டைப் பிடுங்கினேன். இரண்டு கால். அடுத்ததற்கு மூன்று கால், ஒன்று முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு, எல்லாவற்றிலும் பொசுபொசுவென்று சல்லிவேர். இருபது பிடுங்கியதில் பதினேழு அப்படி. நான் சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக் கனகலட்சுமியிடம் காட்டினேன். அவள் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னாண்ணா இது, கேரட்டுக்குக் காலு மொளச்சிக்கீது, கம்பெனிக் கழிவுத் தண்ணி ஒங்க போர்ல எறங்கிட்டிருக்கும், புள்ளத்தாச்சிப் பொண்ணு சாப்புடுற வூடு, பாத்துக்கோங்க என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அடுப்படி ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள்.

அன்றோடு மாடிக்குக் கீரை போவது நின்றது. மூணு மாசம் நம்ம கையாலதானே குடுத்தோம் என்று அம்மா சொன்னது ஒரு தடவைதான், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. கேன் தண்ணீர் வாங்கி மாடிப்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். செல்வி கீழே இறங்கி வந்தால் குளிக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விடுவாள். சொல்லிவிடலாம் என்றால் ஏழு மாதக்காரியை எப்படிப் பயமுறுத்துவது, சொல்லாமலிருந்தால் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால். இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் நின்று, ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் லைனை விட்டு நகராதவன் நான். இதில் மட்டும் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன், என்ன பதில் வருமோ என்ற பயம், வேறென்ன சொல்ல.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு காலையில் வேல்ராஜ் நைட் ஷிப்ட் முடித்துத் தோள் பையோடு நேரே நம் வாசலுக்கு வந்தான். தப்பா நெனச்சிராதீய மாமா, வேற எடத்துல ரூம் பாத்திருக்கோம், அத்தைக்கு எங்க மேல என்னமோ வருத்தம் போல, செல்வி ஒரு வாரமா அழுதுக்கிட்டே கெடக்கா என்றான். எனக்குத் தலை நிமிரவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பையைப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு, அடியில என்ன கெடக்குன்னு பாத்துருவோம், கடப்பாரை எங்க கெடக்கு மாமா என்று கேட்டான். கேரட் பாத்தியில் ஒரு சாண் ஆழம்கூடப் போயிருக்காது, ணங்கென்றது. தோண்டத் தோண்ட உடைந்த செங்கல், கான்கிரீட் கட்டி, பாத்ரூம் டைல்ஸ், ஒரு பாதிக் குழாய். என்ன மாமா, ஒரு வீட்ட இடிச்சு உள்ள போட்டு மூடி வச்சிருக்கீயளே என்றான். அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது, செம்பரம்பாக்கம் ஏரி திறந்து வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் மனையை உயர்த்த லாரி லாரியாக இடிபாடு கொட்டி மேலே செம்மண் பரப்பினோமே. கீரைக்கு அந்த ஒரு சாண் மண் போதும். கேரட் கீழே இறங்கப் பார்க்கும், கல் இடித்தால் பிரிந்து வேறு வழி தேடும். சல்லிவேருக்குக் காரணம் நான்தான், மணிமங்கலத்திலிருந்து வாங்கி வந்த சாணியை மக்கவிடாமல் பச்சையாகவே போட்டிருந்தேன். மிச்ச விதையை ஒரு பழைய பெயின்ட் வாளியில் மணலும் தேங்காய் நார்த் தூளும் கலந்து தூவி மோட்டார் பக்கத்தில் வைத்திருந்தேன், அதையும் வேல்ராஜ் கவிழ்த்தான். ஒன்பது கேரட், ஒவ்வொன்றும் விரல் மாதிரி நேராக. அதே போர் தண்ணீர்தான் அதற்கும் ஊற்றினேன்.

கோணல் தண்ணீரால் இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் அதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாதே. மறுநாளே தண்ணீரையும் மண்ணையும் காஞ்சிபுரத்தில் டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன். ரூம் வேண்டாம்னு மட்டும் அவகிட்ட சொல்லிருதேன், ரிசல்ட் வரட்டும் மாமா என்று வேல்ராஜ் தன் பயத்தை அடக்கிக்கொண்டு தினம் ஷிப்ட்டுக்குப் போய்வந்தான். நேற்றுதான் ரிசல்ட் வந்தது. தண்ணில உப்பு மட்டும் கொஞ்சம் கூட சார், பயப்படுற மாதிரி ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல என்று அங்கிருந்த பையன் சொன்னான், நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். கேட்டவள் போனைக்கூட வைக்கவில்லை. அவள் மாடிப்படி ஏறுவது கேட்டது, செல்வி கதவத் தொறம்மா என்றது கேட்டது, பிறகு இரண்டு பேர் அழுகிற சத்தம். எல்லாவற்றையும் கேட்டு முடித்து அந்தப் பெண் சொன்னது இதுதான், எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூடச் சேந்து பயந்திருப்பேம்லா அத்த, ஒத்தையிலயா கெடந்தீய. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நான் கண்ணைத் துடைத்தேன், சுவாதி.

சாயங்காலம் இரண்டு குடும்பமும் கீழே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கோணல் கேரட்டைச் சீவுவதுதான் பாடு, ருசியில் ஒரு குறையும் இல்லை. அடுத்த போகத்துக்குச் செங்கல் கட்டி பாத்தியை உயர்த்தி, சலித்த மண்ணும் மக்கிய எருவும்தான் போடப்போகிறேன்.

உனக்கும் அங்கே ஏதாவது பயம் வந்தால் எங்களிடம் சொல்லிவிடு கண்ணு, தூரத்தில் இருக்கிறார்கள், எதற்கு என்று நினைக்காதே. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. மாப்பிள்ளையை முட்டி வலிக்கு டாக்டரிடம் காட்டச் சொல். ஸ்ரீதரிடம் பருப்புப் பொடியும் இருக்கிறது, மறக்காமல் அன்றைக்கே போய் வாங்கிக்கொள். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அம்மாவையும் இரண்டு வரி எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள் நன்றாகத் தூங்குகிறாள், வாசலில் மீன்காரர் கூவிப் போனதுகூடத் தெரியவில்லை. எழுப்ப மனம் வரவில்லை.

உன் அப்பா
தேவநாதன்