ஜெபத்துல இருக்கா

செப். 9, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்குது. மோட்டார் ரிப்பேர். தண்ணி குடத்துலதான்.

இன்னைக்கு வேலை: இட்லி மாவு. மாமாவுக்குச் சுகர் மாத்திரை (தீர்ந்துபோச்சு). ஷீபா ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை. ஏழாம் வகுப்புக்குக் காலாண்டு வினாத்தாள். ஷீபா அப்பா சட்டை ரெண்டு, இஸ்திரி. கதை.

கதைதான் கடைசி. எப்பவும் கடைசி. நடந்தது: மாவு, மாத்திரை, அட்டை, வினாத்தாள், ஒரு சட்டை.

பத்திரிகையில குறுநாவல் கேட்டு அறிவிப்பு. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். என் கதையில வர்ற கோமதி, புருஷன் வீட்டை விட்டுப் பொறப்பட்டு சாத்தூர் பஸ்ஸுல ஏறி உக்காந்தவ, இன்னும் இறங்கின பாடில்லை. எங்க இறங்கணும்னு அவளுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. ஒரு வரி எழுதுவேன், குக்கர் விசிலடிக்கும். இன்னொரு வரி, "அம்மா, என் கருப்பு ஊக்கு எங்க?"

ஷீபா அப்பாகிட்டச் சொன்னேன். பட்டாசுக் கம்பெனியில லோடு அனுப்புற வேலை அவுகளுக்கு. தீபாவளி சீசன். வீட்டுக்கு வரும்போதே பாதி உசுரு. "எழுதுறதுதான மெர்சி? அடுப்புல பால் காயிற நேரத்துல எழுது"ன்னாக. குத்தலாச் சொல்லலை. நெசமாவே யோசனை சொல்றாகளாம்! அதான் ஆத்திரம் ஆத்திரமா வருது.

பால் பொங்கிருச்சு, சொல்ல மறந்துட்டேன்.

செப். 13, சனி

மேகம். மழை இல்லை.

பள்ளிக்கூடம் லீவு. ஷீபா அப்பா கம்பெனிக்கு. ஷீபா டியூஷன். வீட்டுல நானும் மாமாவும்தான். துணி ஊறுது, ஊறட்டும்னு உள்ரூமுக்குப் போனேன். மிச்சம் விழுந்த பரீட்சைத் தாள்ல எழுதிக்கிட்டிருந்தேன். மேசையில பைபிள், அது எப்பவும் அங்கனதான் கெடக்கும். கதவு ஒருக்களிச்சு இருந்தது. கோமதி கண்டக்டர்கிட்ட என்ன சொல்வான்னு நெத்தியில கையைக் குடுத்து, கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

வாசல்ல கேஸ்காரன் சத்தம். போச்சுடா, எந்திரிக்கணுமேன்னு இருக்கு. அதுக்குள்ள மாமா கதவு இடுக்குல எட்டிப் பாத்திருக்காக. சத்தமில்லாமக் கதவை இழுத்துச் சாத்துறாக. வெளிய அவுக குரல்: "மருமக ஜெபத்துல இருக்கா. கத்தாதலே. சிலிண்டரை அங்கன வெச்சிட்டு, பணத்தை எங்கிட்ட வாங்கிக்கோ."

எந்திரிக்காம அடுத்த வரியை எழுதினேன்.

எங்க வீட்டுல ஜெபத்துல இருக்கிறவளை யாரும் கூப்பிட மாட்டாக. மாமியார் இருந்த காலத்துல இருந்தே அப்படித்தான். அடுப்புல குழம்பு தீஞ்சாலும் ஆமென் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். கல்யாணமாகி இத்தனை வருஷம் இதைப் பாத்துக்கிட்டே இருந்தும் எனக்குத் தோணாமப் போச்சே!

மத்தியானம் வெளிய வந்தேன். மாமா நாற்காலியைக் கதவுகிட்டயே இழுத்துப் போட்டுக் காவல் உக்காந்திருந்தாக. "காலையில இருந்து சாப்பிடலையேம்மா. உபவாசமா?"

"ஆமா மாமா."

அம்புட்டுதான். நாலு பக்கம் எழுதியிருந்தேன், அந்தச் சந்தோஷத்துல வாய் தானா ஆமான்னுருச்சு.

செப். 14, ஞாயிறு

கோயிலுக்குப் போயாச்சு. மாமா அதுக்குள்ள நாலு பேர்கிட்டச் சொல்லிட்டாக. "எங்க மருமக சனிக்கிழம சனிக்கிழம உபவாச ஜெபம்." ஒரு சனிக்கிழமைதான் ஆயிருக்கு! போதகர் வாசல்ல நிறுத்தி, "ரொம்ப சந்தோஷம்மா"ன்னார். நான் தரையைப் பாத்தேன். தாழ்மைன்னு நெனச்சிருப்பார்.

கோழிக்குழம்பு. உப்பு கூடிருச்சு. யாரும் சொல்லலை.

செப். 20, சனி

காத்து. துணியெல்லாம் புழுதி.

ஜெபம் பண்ணினேன். (கதை எழுதினேன்னு எழுத வரலை பாரு, இந்த டைரியிலகூட.)

உள்ள போகும்போது மாமா நிறுத்தினாக. "உன் ஜெபத்துல ராஜனையும் நெனச்சுக்கோம்மா. ஒரு போன் பண்ணச் சொல்லி ஆண்டவர்கிட்டக் கேளு. வேற ஒண்ணும் வேண்டாம்." ராஜன் என் கொழுந்தன், கோயம்புத்தூர்ல. கல்யாண விஷயத்துல அப்பாகிட்டச் சண்டை போட்டுட்டுப் போனவரு, மாமா இருக்காகளா செத்தாகளான்னு கேக்கிறதில்லை. மாமாவும் அந்தப் பேரை வாயில எடுக்கிறதில்லை. இன்னைக்கு எங்கிட்ட எடுத்தாக.

"சரி மாமா"ன்னேன்.

அதுக்குள்ள அடுத்த வீட்டு முத்துமாரி. அவளும் அவ மகளும் புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன்ல போறவுக. "டீச்சர், எம்மவளைப் பொட்டி ஒட்டுற வேலையில இருந்து மருந்து அடைக்கிற ரூமுக்கு மாத்திட்டாக. இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துட்டேன். நீங்களும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த போட்டு வையிங்க. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா நல்லதுதான?" சொல்லும்போது என் கையை விடவே இல்லை.

"கண்டிப்பா"ன்னேன்.

உள்ள போயிக் கதவைப் பூட்டினேன். ராஜனை நெனச்சேனா, முத்துமாரி மகளை நெனச்சேனா? இல்லை. நேராக் கோமதி.

இன்னொண்ணு. பசி தாங்கலை. பீரோவுல சேலைக்கு அடியில சாத்தூர் காராச்சேவு ஒளிச்சு வெச்சிருந்தேன். கடிச்சா மாமாவுக்குக் கேக்கும்னு ஒவ்வொண்ணா வாயில போட்டு, ஊற வெச்சு முழுங்கினேன். நாப்பத்திரண்டு வயசு. ஏழாம் வகுப்புக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்கிறவ. சீ.

கதை நல்லா வருது. அதையும் சொல்லணும்ல.

செப். 23, செவ்வாய்

விடைத்தாள் கட்டு கட்டா. ஒருத்தன் "விலங்குகள்"னு தலைப்புப் போட்டு எங்க ஹெட்மாஸ்டர் பேரை எழுதியிருக்கான். சிரிச்சுட்டேன், பெறகு மார்க்கைக் குறைச்சேன்.

ஷீபா: "அம்மா, சனிக்கிழமை நான் டியூஷன் கெளம்பும்போது பாத்தேன். தாத்தா இட்லியைக் காக்காவுக்குப் போட்டுட்டாரு."

மாமாகிட்டக் கேட்டேன், வயிறு சரியில்லையான்னு. "ஆமாம்மா, மந்தமா இருந்துச்சு." ஓமத்தண்ணி வாங்கணும்னு எழுதி வெச்சேன். வாங்கலை.

செப். 27, சனி. ஆஸ்பத்திரி

மாமா தூங்குறாக. கையில டிரிப்ஸ். இனி பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்.

காலையில கோமதி இறங்கிட்டா. சூலக்கரை விலக்குல, யாருமே இறங்காத எடத்துல, செருப்பைக்கூடத் தேடாம இறங்கி வெயில்ல நடக்க ஆரம்பிச்சிட்டா. கை ஓடுது, நிறுத்த முடியலை. நான் இதுவரைக்கும் இப்படி எழுதினதில்லை.

வெளிய நாற்காலி இழுபடுற சத்தம். கேட்டுச்சு. பெறகு முனகல் மாதிரி ஒண்ணு. அதுவும் கேட்டுச்சு. இந்தப் பாராவை முடிச்சிட்டுப் போவோம்னு இருந்தேன்.

முடிச்சேன். அடுத்த பாராவும் ஆரம்பிச்சேன்.

அப்பத்தான் முத்துமாரி கதவை இடிச்சா. மகளைப் பழையபடி பொட்டி ஒட்டவே மாத்திட்டாகளாம், இருக்கன்குடி போயிட்டுத் துன்னூறும் பொங்கலும் எடுத்துக்கிட்டு எங்களுக்குக் குடுக்க வந்திருக்கா. "ஜெபமாவது ஒண்ணாவது, கதவத் தெறங்க டீச்சர்! பெரியவரு கீழ கெடக்காரு!"

மாமா தரையில. பனியன் தொப்பலா நனைஞ்சு, கை வெடவெடன்னு ஆடுது. சீனித் தண்ணியைக் கரைச்சு ஓடியாந்தேன். வாய்கிட்டக் கொண்டுபோனா தலையைத் திருப்புறாக. குழறிக் குழறிக் கேக்குறாக, "ஜெபம் முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சு மாமா."

பெறகுதான் வாயைத் தெறந்தாக.

ஆட்டோவுல முத்துமாரி தன் முந்தானையால என் தாடையைத் துடைச்சு விட்டா. "என்னமோ ஒட்டிருக்கு டீச்சர்." காராச்சேவு. அவளுக்கு என்னன்னு தெரிஞ்சிருக்கும்.

நர்ஸ் எங்க சபைப் பொண்ணு. "வெறும் வயித்துல சுகர் மாத்திரை போட்டிருக்காக. ஏன் தாத்தா சாப்பிடலை?" மாமா என்னைக் கையைக் காட்டிச் சிரிக்காக. "மருமக பட்டினி கெடக்கா, நான் மட்டும் எப்படி முழுங்குறது? அவ ஆண்டவர்கிட்ட என்னமோ பெருசாக் கேக்கா. என்னன்னு நான் கேக்கலை. அது அவளுக்குக் கெடைக்கணும்னு நானும் கூட இருந்தேன்."

மூணு சனிக்கிழமையில ரெண்டுல மாமா பட்டினி. என் கதைக்காக. நான் உள்ள சேவு தின்னுக்கிட்டு.

பாத்ரூம் குழாயைத் தெறந்து விட்டுட்டு அழுதேன். ஷீபா அப்பா லோடு வண்டியை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தாக. "நீ வீட்டுல இருந்துமா மெர்சி?"ன்னாக.

செப். 28, ஞாயிறு

மாமா வீட்டுக்கு வந்தாச்சு. கஞ்சி. கோயிலுக்கு நான் போகலை, மாமாவைப் பாத்துக்கணும்னு சொன்னேன். நெசம் அது இல்லை. போதகர் முகத்தைப் பாக்க முடியாது.

சாயங்காலம் ராஜன் போன். ஷீபா அப்பா தகவல் சொல்லியிருக்காக, அதான் பண்ணியிருக்காரு. மாமா போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "சாப்பிட்டியாய்யா? அங்கன மழையா?" இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாக. வெச்ச பெறகு என்னைக் கூப்பிட்டுத் தலையில கையை வெச்சாக. "கேட்டு வாங்கிக் குடுத்துட்டியேம்மா."

அந்தக் கையைத் தட்டி விடவும் முடியலை, வாங்கிக்கவும் முடியலை.

பெண்கள் சங்கத்துல இருந்து ரெண்டு பேர். அடுத்த கூட்டத்துல நான் எழுந்து நின்னு ஜெபத்தைப் பத்திச் சாட்சி சொல்லணுமாம். தலைவலின்னு போயிப் படுத்துட்டேன்.

செப். 30, செவ்வாய்

மழை. மொத மழை. கொடியில கெடந்த துணி போச்சு.

நடந்த வரிசையை அப்படியே எழுதுறேன். பின்னாடி எடுத்துப் பாத்தாலும் வெக்கப்படணும்.

பள்ளிக்கூடம் விட்டதும் கூரியர்க் கடைக்குப் போனேன். கதையை அனுப்பிட்டேன். பெறகுதான் வீட்டுக்கு வந்து மாமாகிட்டச் சொன்னேன். மொதல்ல மாமாகிட்டச் சொல்லியிருந்தா அதை அனுப்ப மனசு வந்திருக்காது. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் கூரியருக்குப் போனேன்.

மாமா காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு மழையைப் பாத்துக்கிட்டிருந்தாக.

"மாமா, நான் ஜெபம் பண்ணலை. உள்ள உக்காந்து கதை எழுதினேன்."

"கதையா?"

"ஆமா மாமா. எல்லாச் சனிக்கிழமையும்."

"உபவாசம்?"

"இல்லை மாமா. உள்ள சேவு வெச்சிருந்தேன்."

மழைச் சத்தம்தான். திட்டப் போறாகன்னு நின்னேன். திட்டுங்களேன்னு இருந்துச்சு.

"ராஜனுக்கு?"

"பண்ணலை மாமா."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்லை."

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாக. திரும்ப மாட்டிக்கலை. "காப்பி ஆறிருச்சு, எடுத்துட்டுப் போம்மா"ன்னாக. ஒரு வாய்கூடக் குடிக்கலை.

அக். 4, சனி

வெயில் திரும்பிருச்சு. துணி காயும்.

மாத்திரையைக் குடுத்து, மாமா இட்லியைச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் முன்னாடியே நின்னேன். நாலு இட்லி. என்னை நிமிர்ந்து பாக்கலை. மாமா யார்கிட்டயும் சொல்லலை, ஷீபா அப்பாகிட்டக்கூட. சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு நாள் சண்டையோட போயிருக்கும்.

சங்கத்துக்காரககிட்ட, எனக்குச் சாட்சி சொல்லத் தகுதியில்லைன்னுட்டேன். அதையும் தாழ்மைன்னுட்டாக! என்னதான் செய்ய?

நாற்காலி கதவுகிட்ட இல்லை. மாமா வாசலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக.

உள்ரூம். கதவைத் தெறந்தே வெச்சேன். மொதல்ல ஜெபம் பண்ணினேன், நெசமாவே. மாமாவுக்கு, ராஜனுக்கு, முத்துமாரி மகளுக்கு. வார்த்தை ஒட்டலை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சு. ஆமென்னு சொல்லிட்டு, வேற வழியில்லாம, தாளை எடுத்தேன். இம்புட்டும் ஆன பெறகும் கை அதைத்தான் தேடுது, இந்த வெக்கத்தை எங்க கொண்டு போயி வைக்க? புதுக் கதை. பேர்கூட வைக்கலை. ரெண்டு வரி.

வாசல்ல முத்துமாரி குரல். "டீச்சர் ஜெபத்துலயா இருக்காக? அப்ப நான் பெறகு வாரேன்."

"ஜெபமெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னாக மாமா. "சும்மாதான் இருக்கா. உள்ள போ."