உப்பாத ரொட்டி

அன்பு மகள் குருவிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் வலி எப்படி இருக்கிறது? போனில் சொல்லத்தான் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நம் பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது. சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ இங்கே எங்களோடு இருந்தபோது, மாதாமாதம் வெந்நீர்ப் பையும் கையுமாகச் சுருண்டு கிடந்ததைக் கேட்டு, கர்ப்பப்பை டாக்டரம்மா மூன்று மாதம் கோதுமையையும் மைதாவையும் அறவே நிறுத்திப் பார்க்கச் சொன்னார். சிலருக்கு வலி குறையுமாம். தின்பதை எல்லாம் நோட்டில் எழுதச் சொன்னார். நான்தான் மார்தட்டிக்கொண்டு, "எம் பொண்ணுக்கு நானே அரிசி மாவுல ரொட்டி போடறேன்" என்றேன்.

போட்டேன். உப்பவே இல்லை, செங்கல் மாதிரி வந்தது. முப்பது வருஷமாக ரொட்டி போடுகிறவன் கையிலிருந்து இப்படி ஒன்றா! உப்பட்டும் என்று உனக்குத் தெரியாமல் ஒரு கை மைதா சேர்த்தேன். மறுநாள் இரண்டு கை. நீயும் "அப்பா கைன்னா கைதான்" என்று சொல்லிவிட்டாய். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதமும் சேர்த்தேன், பாவி.

ஆபீஸில் எல்லோரும் கேக் தின்றபோது வெறும் டீயோடு எழுந்து வந்தவள் நீ. நோட்டில் ஒரு பொய் எழுதவில்லை. பொய் எல்லாம் என்னுடையது. வலி குறையவில்லை என்றதும், "எல்லாத்தையும் விட்டுட்டேன், அப்பவும் என் உடம்பு கேக்கலையேப்பா" என்று அழுதாய். நான் துண்டால் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். "ரொட்டி பெருசா, பொண்ணு பெருசா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

அந்த நோட்டைப் பார்த்துத்தானே சாப்பாட்டை மாற்றுவது உனக்குப் பலிக்காது என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆனால் தேதிக்கு முன் இந்தக் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டிவிடு. வெட்கப்படாதே, வெட்கம் எனக்குத்தான். அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய். உன் உடம்பு மேல் ஒரு குற்றமும் இல்லையம்மா.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இத்துடன் ஒரு ரொட்டி வைத்திருக்கிறேன். துளிகூட உப்பவில்லை. நம்பிச் சாப்பிடு.

உன் அப்பா