சின்னவள் அசைந்த நாள்

மார்ச் 3
ஞாயிறு. இன்றும் ஆய்வகம். ஊட்டக் கரைசலை மாற்றாவிட்டால் செல்கள் செத்துப்போகும். லீவு நாளெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன் அக்காவின் தோலைக் கடுகளவு கிள்ளியெடுத்து, தசைச் செல்களாக மாற்றி வளர்த்தவை. ‘சின்னவள்’ என்று பெயர் வைத்தது அக்காதான். போனில் முதல் கேள்வியே, “சின்னவ சாப்பிட்டாளா?” என்னைக் கேட்பதில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கடைக்குட்டியாக இருந்த என் இடம் போயே போய்விட்டது.

மார்ச் 11
அக்காவின் தசைகளைக் கரைப்பது பழுதான ஒரே ஒரு மரபணு. அதன் நல்ல பிரதியை, அந்த டிஎன்ஏ இழையையே மடித்து மடித்து, பொட்டலமாக்கிவிட்டோம். பொட்டலம் செல்லுக்குள் போக வேண்டும், அவிழ வேண்டும், வேலை செய்ய வேண்டும். செய்தால் செல் பச்சையாக ஒளிரும்படி ஓர் அடையாளமும் சேர்த்திருக்கிறோம்.

மார்ச் 14
பச்சை! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 15
நேற்று ஒளிர்ந்தவை செத்த செல்கள். செத்தவையும் தாமாக ஒளிரும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். எங்கே போச்சு என் புத்தி? அக்காகிட்ட எந்த முகத்தோட சொல்றது?

சொன்னேன். அத்தான் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவளால் தூக்க முடிவதில்லையாம். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 2
அவளைப் பார்த்து ஒன்பது மாதம். டிக்கெட் பார்த்தேன், வாங்காமலே மூடினேன். சின்னவளை வேறு யாரிடமும் ஒப்படைக்க மனசு வரவில்லை — அதுதான் நிஜமான காரணமா? அக்காவை நேரில் பார்க்கப் பயம்.

மே 19
மடிப்பை மாற்றிப் பார்த்தோம். இந்த முறை செத்தவற்றைச் சாயமேற்றிக் கழித்துவிட்டுத்தான் எண்ணினேன். பச்சை. உயிரோடு இருப்பவை. லேசாக மின்சாரம் கொடுத்தால் தசையிழைகள் சுருங்கி விரிகின்றன. அக்காவின் தசை அசைகிறது.

போனில் சொன்னேன். சிரித்தாள். மருந்தாகி வர எத்தனை வருஷம் என்று கேட்டாள். பத்து, அதற்கு மேலும் ஆகலாம் என்றேன்.

“அது எனக்கு வராதுடி. தெரியும். நீயாவது வா.”

மே 26
ஞாயிறு. சின்னவளை ஆய்வகத் தோழி பார்த்துக்கொள்கிறாள். அக்காவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அத்தானைக் கொஞ்சம் படுக்கச் சொல்லிவிட்டு நான் செய்கிறேன். மத்தியானம் கண்ணைத் திறந்ததும், “சின்னவ சாப்பிட்டாளா?” என்றாள். சாப்பிட்டிருப்பாள் என்றேன்.

“நீ?” என்று கேட்டாள்.