எந்தச் சித்தி?

அன்புள்ள அக்கா,

உன் மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றார்கள். விசாரிக்கப் பள்ளிக்குப் போனேன்.

"பெத்தவங்ககிட்டதான் பேசுவோம். நீங்க யாரு?" என்றார் ஆசிரியை.

"சித்தி."

"ஓ, அப்பாவோட ரெண்டாவது சம்சாரமா? முதல்லயே சொல்லக்கூடாதா? உக்காருங்க."

உன் தங்கை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களே! உட்கார்ந்துவிட்டேன். பாடம் வாசிக்கும்போது 'அம்மா' என்று வரும் இடத்தில் நின்றுவிடுகிறாளாம்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படியே இருக்கட்டுமே" என்றார்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றுதானே அர்த்தம்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ திரும்பி வருவாயா, மாட்டாயா? அதையாவது சொல்.

இப்படிக்கு,
சித்தி
(எந்தச் சித்தி என்பதை நீதான் எழுத வேண்டும்.)