அன்வர் விரலில் ஏறிய மூன்று அட்டைகள்

நவம்பர் 14. இரவு 9.50. அட்டைகள் மூன்று.

என் நண்பன் அன்வர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஒட்டினால் விடமாட்டான் என்று பொத்தேரி ஸ்டேஷனில் ஏறும் கல்லூரி மாணவர்கள் அவனை ‘அட்டை’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். முந்தாநாள் ரயில் கதவில் அவன் விரல் துண்டானது. எங்கள் மருத்துவமனையில் ஒட்டித் தைத்தார்கள். இன்று காலை அது நாவற்பழ நிறத்தில் வீங்கிவிட்டது. உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லை. மாலைக்குள் வடியாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அங்கே கருவிகளைப் பராமரிப்பவன் நான். என் கருவி எதுவும் உதவவில்லை.

டாக்டர் ஒரு பாட்டிலில் அட்டைகளைக் கொண்டுவந்தார். “இதெல்லாம் ஒரு வைத்தியமா?” என்று எரிந்து விழுந்தேன். அன்வரோ விரலில் ஏறிய அட்டையிடம், “ஏறிட்ட சரி, உங்கிட்ட டிக்கெட் கீதா?” என்றான்.

நேரம் ஆக ஆக எனக்குப் பொறுக்கவில்லை. அட்டையை விலக்க உப்பை எடுத்தேன். நர்ஸ் மேரி அக்கா கையைத் தட்டிவிட்டார்.

“உப்பு போட்டா குடிச்சதையெல்லாம் காயத்துல கக்கிடும். சும்மா நில்லுப்பா, இன்ஜினியரு!”

நின்றேன். மூன்றாவது அட்டை குடித்து முடித்துத் தானாக உருண்டு விழுந்தபோது நகத்தடி இளஞ்சிவப்பாகியிருந்தது. அழுத்தினால் வெளுத்தது, விட்டால் சிவந்தது; ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது. பம்ப் இல்லை, ஒயர் இல்லை. பத்து முறை அழுத்திப் பார்த்தேன்.

“மச்சான், நான் புடிச்சா ஃபைன் கட்டாம வுடமாட்டேன். இது வயிறு ரொம்பினா தானா எறங்கிக்குது. என்னவிட நல்லவன்” என்றான் அன்வர்.

நாளை:
1. காலை ஆறு மணிக்கு நகத்தின் நிறம் பார்க்க வேண்டும்.
2. மிச்ச அட்டைகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாதாம்.
3. அன்வரை அட்டை என்றே கூப்பிடலாம். இனி அது வசவு இல்லை.