பிள்ளைகள் எனக்குப் போட்ட மார்க்

ஏப்ரல் 7, திங்கள்

காலை எட்டு மணிக்கே முதுகைச் சுடும் வெயில். பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் பயனில்லை, முன்னால் சிமென்ட் லாரி. பர்தா முழுக்கப் புழுதி.

கல்லூரி வாட்ஸப் குழுவில் அறிவிப்பு. வெள்ளிக்கிழமையிலிருந்து மாணவர்கள் ஆன்லைனில் எங்களுக்கு மார்க் போடலாம். ஐந்துக்கு. யார் போட்டது என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றரைக்குக் கீழே வந்தவர்களின் ஒப்பந்தம் 'பரிசீலிக்கப்படும்'. பரிசீலனை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். போன செமஸ்டரில் எனக்கு 3.2. எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அப்போது வந்த ஒரு கருத்து இன்னும் மனப்பாடம்: "இங்கிலீஷ் கிளாஸ்ல மேம் இங்கிலீஷ்லயே பேசுறாங்க." அன்று சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

வாங்க வேண்டியது: மகள் ஹனாவுக்கு சார்ட் பேப்பர், மாமியாருக்கு பிரஷர் மாத்திரை. பி.காம். இரண்டாம் ஆண்டு இன்டர்னல் மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கும் கடைசி நாள் வெள்ளிதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில் அப்படியே. ஸ்டாஃப் ரூம் ஃபேன் சத்தம் மட்டும் போடுகிறது.

எங்கள் துறையிலேயே தேன்மொழி அக்காவுக்குத்தான் அதிகம், 4.7. வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார், பாடச் சொல்வார், மார்க்கில் தாராளம். குறையாகச் சொல்லவில்லை. அவரைப் பார்த்தால் பிள்ளைகள் முகம் மலர்கிறது. என்னைப் பார்த்தால் நோட்டைத் திறக்கிறார்கள்.

சாப்பிடும்போது அவரே சொன்னார். "புரியுதா இல்லையான்னு பாத்தா மார்க் போடறாங்க? புடிக்குதா இல்லையா, அவ்ளோதான் நசீமா."

இரவு ஷார்ஜாவிலிருந்து கணவர் பேசினார். விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு மன உளைச்சலோடு எதற்கு, விட்டுவிடு, வீட்டில் என்ன குறை என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குறை ஒன்றுமில்லைதான். ஆனால் காலையில் அந்த வகுப்புக்குள் நுழையும்போது மட்டும்தான் நான் யாருக்கும் மருமகளும் இல்லை, அம்மாவும் இல்லை. இதைப் போனில் எப்படிச் சொல்வது. பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்



பி.காம். வகுப்பில் ஒன்பது பேர் ஒரே கட்டுரையைக் கொடுத்திருந்தார்கள். போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியது. "நீங்கள் கேட்ட கட்டுரை இதோ" என்ற முதல் வரியையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஒன்பது பேருக்கும் பூஜ்யம். அந்தக் கட்டுரை மார்க் இல்லாமல் இன்டர்னலில் தேற மாட்டார்கள்.

மதியம் வகுப்புப் பிரதிநிதி கீர்த்தனா வந்தாள். பூலாம்பாடிப் பெண். நன்றாகப் படிப்பவள், அந்த ஒன்பது பேரில் இல்லை. ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

"மேம், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க ஒம்போது பேருக்கும் மார்க் போட்டுட்டீங்கன்னா, கிளாஸே உங்களுக்கு அஞ்சு போட்டுடும். நான் பேசிட்டேன். உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது."

மிரட்டலாகச் சொல்லவில்லை. உதவி செய்ய வந்தவள் போலத்தான் நின்றாள். எழுந்து வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்.

ஏப்ரல் 10, வியாழன்

விடுமுறை. ஹனாவின் சார்ட்டில் சூரியக் குடும்பம். சனிக்கு வளையம் போட மறந்து அழுகை.

மதியம் லேப்டாப்பைத் திறந்து ஒன்பது பேர்களுக்கும் எதிரே மார்க் அடித்தேன். ஆளுக்கு ஒரு மாதிரி, சந்தேகம் வராதபடி. அதையும் யோசித்திருக்கிறேன். கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை. அழித்தேன். லுஹர் தொழுதுவிட்டு வந்து மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன். அறை வாசலில் மாமி டீயோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதல் பீரியடே பி.காம். போர்டு பக்கம் திரும்பவில்லை. தமிழிலேயே சொன்னேன். பார்த்து எழுதியதற்கு மார்க் கிடையாது. ஒன்பது பேரும் இப்போதே இங்கேயே உட்கார்ந்து, ஊரிலிருந்து காலேஜ் வரும் வழியைப் பற்றி சொந்தமாக எழுதினால், எழுதியதற்குத் தகுந்த மார்க் உண்டு.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன். "அப்ப ரேட்டிங் மேம்?"

"அது உங்க இஷ்டம்." குரல் உடைந்துவிட்டது. கேட்டிருக்கும்.

கீர்த்தனா தலை நிமிரவில்லை. ஆறு பேர் எழுதினார்கள். மூன்று பேர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

ஆறு தாளையும் அங்கேயே திருத்தினேன். ஒரு பையன் எழுதியது ஐந்து வரி. ரஞ்சன்குடி ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போவது, ஓடிப்போய் ஏறுவது, செருப்பு அறுந்தது. வரிக்கு இரண்டு தப்பு. எல்லாமே அவனுடையது. பாஸ் மார்க் போட்டேன். மூன்று பூஜ்யங்களையும் அப்படியே வைத்து ஏற்றிவிட்டேன்.

அப்பாடா என்று இருக்கும் என நினைத்தேன். இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

2.7.

முதல்வர் அறை. ஏ.சி. குளிர். பக்கத்தில் எங்கள் துறைத் தலைவர். 2.7-க்காகக் கூப்பிட்டார்கள் என்றுதான் போனேன். முதல்வர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். கருத்துகளில் ஒன்று:

"அஞ்சு போட்டா இன்டர்னல் மார்க் போடறேன்னு மேம் டீல் பேசுனாங்க."

பொய் சார் என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் துறைத் தலைவர், திரையைப் பார்த்தபடியே.

சரி, நடந்தது என்ன என்று கேட்டார் முதல்வர். சொன்னேன். ஒரு பிள்ளை வந்து கேட்டது, அன்றைக்கு நான் மறுக்கவில்லை, வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் மறுத்தேன். மறுக்கவில்லை என்பதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் மீதியையும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

"யாரு அந்தப் பிள்ளை?"

"பேரு சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப உங்க பக்கம் சாட்சி யாரும்மா?"

வியாழக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்.

வெளியே வந்தால் தேன்மொழி அக்கா. நடந்ததைச் சொன்னேன். முதலில் பேரைச் சொல், உனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது என்று திட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது. போன வருஷம் ஒரே ஒருவன் ஐந்துக்கு ஒன்று போட்டதற்கு வாரம் முழுக்கத் தூங்கவில்லையாம். 4.7 வாங்குகிறவர்.

ஏப்ரல் 16, புதன்

விளக்கம் எழுதினேன், கிழித்தேன். ஒப்பந்தம் போனால் போகிறது. 'டீல் பேசியவள்' என்று போவதா.

யார் போட்டிருப்பார்கள் என்று வகுப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வெளியேறிய மூன்று பேர்? கீர்த்தனாவா? பார்க்கப் பார்க்க எல்லா முகமும் அப்படித்தான் தெரிகிறது. இந்த மார்க்கில் எனக்கு மிகவும் கசப்பது இதுதான்.

இரவு கணவரிடம் போனில் எதுவும் சொல்லவில்லை. தலைவலி என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும்.

விளக்கத்தோடு போனேன். முதல்வர் அறை வாசலில் கீர்த்தனா. நான் பேர் சொல்லவில்லை என்பது எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மேம், நான் உள்ள போறேன்."

வேண்டாம், பரீட்சை வருகிறது, எதற்கு வம்பு என்றேன். கேட்கவில்லை. கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். கையில் கவருடன் பெஞ்சில் நான். உள்ளே முதல்வர் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. அவள் குரல் வெளியே கேட்கவே இல்லை.

மாலை முடிவு சொன்னார்கள். எனக்கு ஓராண்டுக்குப் பதில் ஒரு செமஸ்டர் மட்டும் ஒப்பந்தம், மறுபடி மார்க் பார்ப்பார்களாம். கீர்த்தனாவைப் பிரதிநிதிப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிவர வேண்டும். கருத்தைப் போட்டது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இனித் தெரியவும் போவதில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் போய், உன் அப்பாவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அழுத முகம். போன வாரம் புதன்கிழமை மேம் யோசிப்பதாகச் சொன்னார் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னது தான்தான் என்றாள். அதிலிருந்துதான் அந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டுமாம்.



"நீங்க அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானும் அதோட விட்டிருப்பேன் மேம்."

குரலில் கோபம் இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று காட்டுகிற மாதிரி சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் பூலாம்பாடி பஸ் வந்துவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள். உட்கார இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை.