கௌதாரி இறகுக்குப் பதிலாக

அன்புள்ள அப்பாவுக்கு, ஹெஸ்டரின் வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே பெர்த்தில், நான் வேலை செய்யும் தூண்டில் கடையில், ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு கர்னல், மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் கௌதாரி இறகு சுற்றிக் கட்டும் பொய்ப் பூச்சிகள் மூன்று டஜன் கேட்டிருந்தார். இறகு தீர்ந்திருந்தது. முதலாளி மக்ராபி, கொல்லையில் நான் வளர்த்த புள்ளிக் கோழியைத் தூக்கி வந்தார். "இதோட கழுத்து கௌதாரி மாதிரியே இருக்குடி" என்று என் கண்ணெதிரிலேயே கழுத்தைத் திருகினார். என் கையில் தானியம் தின்ற கோழி, அப்பா.

"அழுதா நூல் நனையும். சூடு ஆறதுக்குள்ள பிடுங்கு" என்றார். பிடுங்கினேன், கட்டினேன்.

கர்னல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, "இது கோழியிறகுய்யா!" என்றார்.

"இந்த யார்க்‌ஷயர் பொண்ணு என்னையே ஏமாத்திட்டா, சார்" என்று முதலாளி எல்லாவற்றையும் அடுப்பில் கொட்டினார். இருவரும் சிரித்தார்கள். வேலை போய்விடுமே என்று நானும் சிரித்தேன்.

என் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். எழுத ஒன்றுமில்லாவிட்டாலும் எழுதுங்கள். கௌதாரி இறகு மட்டும் நிறைய வேண்டும், சீக்கிரம். கோழியின் குஞ்சு ஒன்று கொல்லையில் இருக்கிறது. அதற்கும் கழுத்தில் புள்ளி விழத் தொடங்கிவிட்டது.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் ஹெஸ்டர்